போன் படம் சரியாக வரவில்லையா? அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடியுங்கள்

எங்கள் ஸ்டுடியோவுக்குப் பிரிண்ட் போட வருகிறவர்கள் போனை நீட்டிக் கேட்கிற கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணே, படம் ஏன் இப்படி வருது? போனை மாத்திடவா?" மாற்ற வேண்டிய போன் அபூர்வமாகத்தான் வரும். மற்றதெல்லாம் துடைத்தால், திரும்பி நின்றால், ஒரு செட்டிங்கை அணைத்தால் சரியாகிவிடுகிறவை. திரும்பத் திரும்ப வருகிற அந்தக் கோளாறுகளை அறிகுறி வாரியாகக் கீழே வைத்திருக்கிறேன். ஒவ்வொரு தலைப்பிலும் காசில்லாத காரணம் முதலில், செலவு வைக்கிற காரணம் கடைசியில். மேலிருந்து கீழே வாருங்கள். நடுவில் சரியாகிவிட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

## எதற்கும் முன்னால் ஒரு சோதனை

லென்ஸைத் துடையுங்கள். காலை எட்டு, ஒன்பது மணிக்கு வெளியே நிழலில் நின்று, எழுத்து உள்ள ஏதாவது ஒரு சுவரையோ பெயர்ப்பலகையையோ போனுடன் வந்த கேமரா ஆப்பில், ஜூம் இல்லாமல், எந்த ஃபில்டரும் இல்லாமல் எடுங்கள். படத்தைப் பெரிதாக்கி எழுத்தைப் பாருங்கள்.

எழுத்து தெளிவாக இருந்தால் போனில் குறையில்லை. வெளிச்சம், கை, செட்டிங், அனுப்பிய விதம் ஆகியவற்றில்தான் தேட வேண்டும். அந்த வெளிச்சத்திலும் கலங்கலாக இருந்தால் வன்பொருளைச் சந்தேகிக்கலாம். நேராகக் கடைசித் தலைப்புக்குப் போய்விடுங்கள்.

## படம் முழுக்க வெளிறிக் கிடக்கிறது, விளக்கைச் சுற்றி ஒளி பரவுகிறது

எண்ணெய்ப் பிசுக்கு. பாதிப் பேருக்கு இதுதான். சமையலறைக் கை, தலைக்குத் தேய்த்த எண்ணெய், விரலில் ஒட்டிய விபூதி எல்லாம் லென்ஸில்தான் போய் உட்காரும். தெருவிளக்கிலிருந்து ஒரே திசையில் நீளமாகக் கோடு இழுக்கிறது என்றால் யாரோ விரலால் ஒரே இழுப்பாக இழுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். வாயால் லேசாக ஊதி, துவைத்துப் பழசான பருத்தி வேட்டித் துணியால் துடையுங்கள். முதலில் தூசியைத் தட்டிவிடுங்கள். மணல் துகளோடு தேய்த்தால் கீறல் விழும்.

லென்ஸ் மேல் ஒட்டிய பாதுகாப்புக் கண்ணாடி. போன் வாங்கும்போது கடையில் ஒட்டித் தருவார்களே, அது. பகலில் ஒன்றும் தெரியாது. இரவில் ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு பேய் விளக்கு எதிர்ப்பக்கம் முளைக்கும். உரித்துவிட்டு ஒரு படம் எடுத்துப் பாருங்கள். என்னைக் கேட்டால் அதைத் திரும்ப ஒட்டவே வேண்டாம்.

ஃப்ளாஷ் போட்டால் மட்டும் வெளிறுகிறதா? பின்கவர் ஃப்ளாஷை உரசிக்கொண்டிருக்கும். கவரைக் கழற்றி எடுத்துப் பாருங்கள்.

சூரியன் லென்ஸில் நேராக விழுகிறதா? இடது கையைக் குடையாக மேலே பிடியுங்கள், கை படத்தில் விழாமல்.

உள்ளே ஆவி. ஏசி காரிலிருந்து சென்னை வெக்கைக்குள் இறங்கியதும் வெளிக்கண்ணாடியில் பனி படியும். துடைத்தால் போய்விடும், சில நிமிடத்தில் தானாகவும் போகும். துடைத்தும் போகாமல் கண்ணாடிக்கு உட்புறம் முத்து முத்தாகத் தெரிந்தால் உள்ளே ஈரம் இறங்கியிருக்கிறது. போனை அணைத்துவிட்டுச் சர்வீஸுக்குக் கொண்டுபோங்கள். அரிசிக்குள் புதைக்காதீர்கள். அரிசியின் மாவுத் தூள் ஓட்டைகளில் போய் அடைவதுதான் மிச்சம்.

## படம் கலங்குகிறது

பெரிதாக்கிப் பார்த்து, கீழே உள்ள நான்கில் எது என்று முதலில் பிரியுங்கள்.

### எல்லாமே ஒரே பக்கமாக இழுபட்டிருக்கிறது
கை அசைந்திருக்கிறது. முழங்கையை விலாவோடு ஒட்டி, சுவரிலோ தூணிலோ சாயுங்கள். திரையில் உள்ள பொத்தானைக் கட்டைவிரலால் எட்டி அழுத்துவதற்குப் பதிலாகச் சத்தத்தைக் கூட்டும் பொத்தானை அழுத்துங்கள். பெரும்பாலான போன்களில் அது படம் எடுக்கும். ட்ரைபாட் தேவையில்லை. இரண்டு புத்தகமும் ஒரு சொம்பும் போதும், மூன்று வினாடி டைமரை வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடலாம்.

### சுவர் தெளிவு, குழந்தை மட்டும் கலங்கல்
வீட்டுக்குள் ட்யூப்லைட்டில் போன் ஷட்டரை வினாடியில் 30-ல் ஒரு பங்கு, 50-ல் ஒரு பங்கு என்று திறந்து வைக்கிறது. ஓடுகிற குழந்தையை நிறுத்த 250-ல் ஒரு பங்காவது வேண்டும், 500 என்றால் நிம்மதி. அதற்கு வெளிச்சம் வேண்டும். அதனால் குழந்தையை வாசலுக்கோ மொட்டை மாடிக்கோ கூட்டிப் போவதுதான் வழி. ப்ரோ மோட் இருந்தால் ஷட்டரை நீங்களே வைக்கலாம். நைட் மோட் தப்பித்தவறி ஆன் ஆகியிருந்தால் அணையுங்கள். அது அசையாத பொருளுக்கானது.

### பின்னால் உள்ள செடி தெளிவு, முகம் கலங்கல்
ஃபோகஸ் தப்பியிருக்கிறது. முகத்தைத் திரையில் ஒரு முறை தொட்டுவிட்டு எடுங்கள். தொட்ட இடத்திலேயே விரலை அழுத்திப் பிடித்தால் பல போன்களில் ஃபோகஸும் வெளிச்ச அளவும் பூட்டிக்கொள்ளும். ஊஞ்சலில் ஆடுகிறவரை எடுக்க அது உதவும். செல்ஃபி கேமராவில் இப்படித் தொட்டும் மாற்றமில்லை என்றால் கவலைப்படாதீர்கள். விலை குறைந்த போன்களில் முன்கேமராவுக்கு ஃபோகஸ் நகராது, ஒரு கை நீளத் தூரத்துக்குத்தான் அமைத்திருப்பார்கள்.

### எதைத் தொட்டாலும் தெளியவில்லை, திரையில் காட்சி நடுங்குகிறது
காதருகே வைத்தால் கேமரா பக்கம் கிர்ரென்று மெல்லிய சத்தம்கூட வரலாம். காந்தம் வைத்த கவர், காந்த ஹோல்டர் இருந்தால் முதலில் கழற்றுங்கள். போனை அணைத்துப் போடுங்கள். அப்புறமும் நடுங்கினால், கை அசைவைச் சமன் செய்ய லென்ஸை நகர்த்துகிற நுண்ணிய பொறி கெட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

பைக்கின் ஹேண்டில்பாரில் போனை மாட்டி மேப் பார்த்துக்கொண்டே ஓட்டுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சக்தி கூடிய மோட்டார் சைக்கிள் எஞ்சினின் அதிர்வு ஐபோன் கேமராவின் இந்தப் பாகத்தைக் கெடுக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-ல் எச்சரித்தது. உணவு டெலிவரி செய்யும் பையன்கள் என்றால் அதிர்வைத் தாங்கும் மவுண்ட் ஒன்று வாங்குங்கள், இல்லையென்றால் பழைய போனை மேப்புக்கு ஒதுக்குங்கள். கெட்டபின் வீட்டில் சரிசெய்ய வழியில்லை. கேமரா பாகத்தையே மாற்ற வேண்டும்.

## முகம் கறுப்பு, பின்னால் வெள்ளை வெளேர்

ஜன்னலுக்கு முதுகு காட்டி நிற்க வைத்திருப்பீர்கள். அவரை அப்படியே திருப்பி ஜன்னலைப் பார்க்க வையுங்கள், நீங்கள் ஜன்னல் பக்கம் வந்துவிடுங்கள். முக்கால்வாசி முடிந்தது.

திருப்ப முடியாத இடம் என்றால் முகத்தைத் தொடுங்கள், பக்கத்தில் சூரியச் சின்னம் வரும், அதை மேலே இழுங்கள். ஹெச்டிஆர் (இருட்டும் வெளிச்சமும் ஒரே படத்தில் தெரியச் செய்யும் வசதி) அணைந்திருந்தால் போடுங்கள். ஆள் ஐந்தாறு அடிக்குள் இருந்தால் பட்டப்பகலிலும் ஃப்ளாஷ் போடலாம், கூச்சம் வேண்டாம். கல்யாண மேடையில் பின்னால் எல்இடி திரை எரியும்போது இது எதுவும் முழுதாக உதவாது. மேடை விளக்கு முகத்தில் விழும் பக்கமாக ஓரத்துக்கு நகர்ந்து, திரையின் ஒரு துண்டு மட்டும் தெரிகிற மாதிரி எடுப்பதுதான் வழி.

உச்சி வெயிலில் கண்ணுக்குக் கீழே கறுப்புக் குழி விழுகிறதா? நிழலின் ஓரத்துக்கு வாருங்கள். கோயில் மண்டபத்தின் விளிம்பு, வீட்டுத் திண்ணை, வேப்பமர நிழல் முடிகிற இடம். ஆள் நிழலுக்குள் நின்று வெளி வானத்தைப் பார்க்க வேண்டும், வெயில் அவர் மேல் விழக்கூடாது. இன்னும் கொஞ்சம் வெளிச்சம் வேண்டுமென்றால் நெஞ்சுயரத்தில் ஒரு தெர்மோகோல் அட்டையையோ மடித்த வெள்ளை வேட்டியையோ யாரையாவது பிடிக்கச் சொல்லுங்கள். ஸ்டுடியோவில் நாங்கள் பயன்படுத்துகிற ரிஃப்ளெக்டர் செய்வதும் இதே வேலைதான்.

## புடவையின் நிறம் வேறாக வருகிறது

வீட்டிலிருந்து வாட்ஸ்அப்பில் புடவை விற்கிற பெண்கள் கொண்டுவருகிற கோளாறு இது. அரக்குப் புடவையை அனுப்பினால் வாங்கியவர் "படத்தில் ராணி பிங்க் தெரிந்ததே" என்று திருப்பி அனுப்புவார். போக்குவரத்துச் செலவு நம் தலையில். அதனால் இதை மட்டும் கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள்.

இரண்டு வகை வெளிச்சம் கலக்கிறதா? ஜன்னல் வழியாகப் பகல் வெளிச்சம் நீலம் கலந்து வரும், மேலே எரிகிற குண்டு பல்போ வார்ம் எல்இடியோ மஞ்சளாக வரும். போன் எதை வெள்ளை என்று எடுத்துக்கொள்வது என்று தெரியாமல் தடுமாறும். எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் மட்டும் எடுங்கள். வெயில் நேராக விழாத ஜன்னலாக இருக்கட்டும்.

சுவரின் நிறம். பச்சை டிஸ்டெம்பர் அடித்த அறையில் எடுத்தால் வெண்பட்டிலும் பச்சை ஏறும். பெரிய வெள்ளைப் போர்வை ஒன்றைச் சுவரில் தொங்கவிடுங்கள், தரையிலும் ஒன்று.

சிவப்பு மட்டும் தகராறு செய்கிறதா? அரக்கு, குங்குமச் சிவப்பு, ராணி பிங்க் மூன்றிலும் சிவப்பு அளவு மீறி நிரம்பிவிடும். நெசவு, புட்டா எதுவும் தெரியாமல் ஒரே தட்டையான சிவப்பாக நிற்கும். புடவையைத் தொட்டு, சூரியச் சின்னத்தைக் கீழே இழுத்து, படம் லேசாக இருட்டாகத் தெரியும்படி எடுங்கள். நூல் திரும்பத் தெரிய ஆரம்பிக்கும். வேண்டுமென்றால் பிறகு கொஞ்சம் வெளிச்சம் கூட்டிக்கொள்ளலாம். நிரம்பி வழிந்த சிவப்பை எந்த ஆப்பாலும் மீட்க முடியாது.

போனின் "புத்திசாலித்தனம்". காட்சியை அடையாளம் கண்டு நிறத்தைத் தூக்கிக் காட்டும் வசதியைக் கேமரா செட்டிங்கில் தேடி அணையுங்கள். விவிட் என்று இருந்தால் நேச்சுரலுக்கு மாற்றுங்கள். ப்ரோ மோட் இருந்தால் ஒயிட் பேலன்ஸை (எது வெள்ளை என்று போனுக்குச் சொல்கிற செட்டிங்) ஆட்டோவில் விடாமல் பகல் வெளிச்சத்துக்கு, அதாவது 5500 கெல்வின் (K) பக்கமாக வைத்துப் பூட்டுங்கள். பத்துப் புடவையும் அப்போதுதான் ஒரே கணக்கில் வரும். புடவையின் ஓரத்தில் ஒரு ஏ4 தாள் தெரியும்படி ஒரு படம் எடுத்துப் பாருங்கள். அந்தத் தாள் வெள்ளையாகத் தெரிந்தால் நிறமும் கிட்டத்தட்ட சரி.

படம் சரி, திரை தவறு. உங்கள் போனின் திரையும் விவிட் மோடில் இருக்கலாம். இன்னொரு போனில், நைட் லைட் (திரையை மஞ்சளாக்கும் இரவு வசதி) அணைத்த நிலையில், புடவையைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். வாங்குகிறவரின் திரையை நாம் ஒன்றும் செய்ய முடியாது. "அரக்கு, கொஞ்சம் பழுப்பு கலந்தது" என்று ஒரு வரி எழுதிவிடுங்கள், திருப்பி வருவது குறையும்.

ஜரிகை மின்னவில்லை என்பதும் இதோடு வருகிற புகார். வெளிச்சம் உங்கள் முதுகுப் பக்கமிருந்து நேராக விழுகிறது. ஜன்னல் உங்கள் பக்கவாட்டில் இருக்கும்படி நில்லுங்கள். மடிப்புகளில் ஜரிகை எழும். அச்சுக்குப் போகிற கேட்டலாக் என்றால் மட்டும், நிற அட்டை வைத்து எடுக்கத் தெரிந்த படக்காரரிடம் கொடுங்கள்.

## குறுக்கே வரி வரியாகக் கறுப்புப் பட்டை

### விளக்கு வெளிச்சத்தில் மட்டும் வருகிறது
இந்தியாவிலும் இலங்கையிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான எல்இடியும் பழைய சோக் வைத்த ட்யூப்லைட்டும் அதனால் வினாடிக்கு 100 முறை மினுக்கும். கண்ணுக்குத் தெரியாது, போன் பிடித்துவிடும். கேமரா செட்டிங்கில் மினுக்கல் தடுப்பு இருந்தால் 50-க்கு வையுங்கள். ப்ரோ மோடில் ஷட்டரை 100-ல் ஒரு பங்கு அல்லது 50-ல் ஒரு பங்குக்கு வைத்தால் பட்டை மறையும். கனடா, அமெரிக்காவில் இருக்கிறவர்களுக்கு மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், ஆகவே 120 அல்லது 60. அப்படியும் நிற்காத விளக்கு என்றால் அதை அணைத்துவிட்டு வேறு விளக்கில் எடுங்கள்.

### வெயிலிலும் அதே இடத்தில் அதே கோடு
நிறக் கோடு அல்லது நகராத ஒரு புள்ளி, எந்தப் படத்திலும் அதே இடத்தில் என்றால் சென்சார் (லென்ஸுக்குப் பின்னால் ஒளியைப் படமாக்கும் சில்லு) அடிபட்டிருக்கிறது. ரிசப்ஷன், டிஜே மேடைகளில் சுழலும் லேசர் நேராக லென்ஸுக்குள் பாய்ந்தால் இப்படி ஆகும். கேமரா பாகத்தை மாற்றுவதுதான் வழி. லேசர் அடிக்கிற இடத்தில் போனைத் தூக்கிப் பிடிக்காதீர்கள்.

## இரவில் புள்ளி புள்ளியாக

ஜூமை விடுங்கள், நடந்து கிட்டே போங்கள். 1× என்று காட்டுகிற முதன்மைக் கேமராவிலேயே எடுங்கள். மற்ற லென்ஸ்கள் பெரும்பாலும் இருட்டில் திணறும். அசையாத பொருளென்றால் போனைச் சாய்த்து வைத்து நைட் மோட். கார்த்திகை விளக்குகளை எடுக்கும்போது சுடரைத் தொட்டு வெளிச்சத்தைக் குறையுங்கள், இல்லையென்றால் சுடர் வெள்ளைத் திட்டாகிவிடும். விளக்கேற்றுகிறவர் முகமும் வேண்டுமென்றால் முழு இருட்டு வரும்வரை காத்திருக்காமல் அந்தி வானத்தில் நீலம் இருக்கும்போதே எடுத்துவிடுங்கள்.

## பக்கத்தில் கொண்டுபோனால் தெளிவில்லை

மூக்குத்தி, மல்லிகை, பில்லில் உள்ள பொடி எழுத்து. போனின் முதன்மைக் கேமராவுக்குச் சுமார் 10 சென்டிமீட்டருக்குள் வந்தால் ஃபோகஸ் கிடைப்பது கஷ்டம், பெரிய சென்சார் உள்ள போனுக்கு இன்னும் தள்ள வேண்டும். ஒரு சாண் பின்னால் வந்து 2× வையுங்கள். மேக்ரோ என்று தனியாக 2 மெகாபிக்சல் லென்ஸ் இருந்தால் அதை மறந்துவிடுங்கள். 1×-ல் எடுத்து வெட்டினாலே அதைவிட நன்றாக இருக்கும்.

## மூக்கு பெரிது, ஓரத்தில் நிற்பவர் அகலம்

கிட்டத்தில் நின்று எடுத்ததுதான் காரணம். ஐந்தாறு அடி தள்ளி நின்று 2×-ல் எடுங்கள். குரூப் போட்டோவில் 0.5× (அகலமாகக் காட்டும் லென்ஸ்) போடாதீர்கள், ஓரத்தில் நிற்கிற அத்தை உங்களை மன்னிக்கமாட்டார். இடமில்லை என்றால் இரண்டு வரிசையாக நிற்க வையுங்கள். முகம் பொம்மை மாதிரி வழுவழுப்பாக இருந்தால் பியூட்டி மோட் ஓடிக்கொண்டிருக்கிறது, பூஜ்யத்துக்கு இறக்குங்கள்.

## போனில் நன்றாக இருக்கிறது, பிரிண்ட்டில் மோசம்

எங்கள் கடையில் தினமும் நடக்கிற பஞ்சாயத்து.

வாட்ஸ்அப்பில் வந்த படமா? சாதாரணமாக அனுப்பினால் நீளப் பக்கம் ஏறத்தாழ 1600 பிக்சலுக்குச் சுருங்கிவிடும். 4×6 அங்குலத்துக்கு அது தாங்கும். 12×18-க்குத் தாங்காது. 12 மெகாபிக்சல் மூலப்படத்தில் 4000×3000 பிக்சல் இருக்கும், அது 12×18-க்கும் போதும். எச்டி என்று போட்டு அனுப்பினால் கொஞ்சம் மேல். டாக்குமென்ட்டாக அனுப்பினால்தான் மூலப்படம் அப்படியே வரும். படத்தின் விவரத்தைத் திறந்தால் பிக்சல் அளவு தெரியும், கடைக்கு வருமுன் பார்த்துவிடுங்கள். ஸ்கிரீன்ஷாட்டைக் கொண்டுவராதீர்கள்.

தலை வெட்டுப்படுகிறதா? போன் படம் 4-க்கு 3, 4×6 தாள் 3-க்கு 2. தாளை நிரப்பினால் ஒன்பதில் ஒரு பங்கு வெட்டுப்பட்டே தீரும். எடுக்கும்போதே தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் இடம் விடுங்கள். "வெட்டாமல் போடுங்க, வெள்ளை ஓரம் வந்தாலும் பரவாயில்லை" என்று கடைக்காரரிடம் சொல்லலாம்.

இருட்டாக வருகிறதா? திரையை முழு வெளிச்சத்தில் வைத்துப் பார்த்திருப்பீர்கள். பாதிக்குக் குறைத்துப் பாருங்கள், தாளில் கிட்டத்தட்ட அப்படித்தான் வரும்.

படத்திறப்புக்குக் குரூப் போட்டோவிலிருந்து ஒரு முகம் வேண்டுமா? கல்யாண வீட்டில் யாரோ எடுத்து, நாலு குழுக்களைச் சுற்றி வந்த படத்தில் தாத்தாவின் முகம் கட்டைவிரல் நகமளவுதான் இருக்கும். கூர்மையாக்கும் ஆப்கள் அதைப் பளிச்சென்று ஆக்கித் தரும். கண்ணும் உதடும் வேறு யாருடையதோ ஆகியிருக்கும். அதை அந்த வீட்டார் முதல் பார்வையிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். முதலில் அந்தப் படத்தை எடுத்தது யார் என்று விசாரித்து அவர் போனிலிருந்து மூலத்தை டாக்குமென்ட்டாக வாங்குங்கள். அது கிடைக்கவில்லை என்றால் 12×18 வேண்டாம், 6×8-ல் நின்றுவிடுங்கள். பழைய அட்டைப் படம் இருந்தால் அதைக் கொண்டுவாருங்கள், ஸ்கேன் செய்தால் அதுவே நன்றாக வரும்.

## எப்போது ஆளைக் கூப்பிடுவது

முதல் சோதனையில் தோற்ற போனுக்கு வீட்டில் செய்யக்கூடியவை கொஞ்சம்தான்: அணைத்துப் போடுவது, கேமரா ஆப்பின் செட்டிங்கை ரீசெட் செய்வது, சிஸ்டம் அப்டேட் இருந்தால் போடுவது. ஒரு லென்ஸ் மட்டும் கெட்டிருக்கிறதா என்று 0.5×, 1×, முன்கேமரா மூன்றிலும் தனித்தனியாகப் பாருங்கள். சர்வீஸ்காரருக்கு அது பாதி வேலை மிச்சம்.

வெளிக்கண்ணாடி உடைந்து உள்ளே லென்ஸ் நன்றாக இருந்தால் கண்ணாடியை மட்டும் மாற்றலாம், பல ஆண்ட்ராய்டு போன்களுக்குச் சில நூறு ரூபாயில் முடியும். உடைந்ததைத் தள்ளிப்போடாதீர்கள், தூசியும் ஈரமும் இறங்கினால் கேமரா பாகமே போய்விடும். "கண்ணாடியா, முழுப் பாகமா?" என்று கேட்டு, பாகம் என்றால் விலையையும் அது ஒரிஜினல்தானா என்பதையும் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். பழைய போனின் பாதி விலையைத் தொட்டால்தான் போனை மாற்றுகிற யோசனைக்கு நியாயம் வருகிறது. தண்ணீர் புகாத போனைத் திறந்து மூடினால் அந்தக் காப்பு முன்போல் இருக்கும் என்று நம்ப வேண்டாம்.

படக்காரரைக் கூப்பிட வேண்டிய இடமும் உண்டு. அரங்கேற்றம், இருட்டு மேடை, நாற்பது அடி தூரம்: போனால் முடியாது. தாலி கட்டும் நேரத்துக்கும் ஆள் வைத்துவிடுங்கள், இரண்டாம் முறை கட்டச் சொல்ல முடியாது.

சர்வீஸுக்குக் கொடுக்குமுன் படங்களை வேறிடத்தில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்ப வாங்கும்போது கடை வாசலுக்கு வந்து எதிர்க்கடைப் பெயர்ப்பலகையை 1×-ல் ஒன்று, 0.5×-ல் ஒன்று, ஒரு சாண் தூரத்தில் பில்லை ஒன்று எடுத்து, நான்கு மூலையிலும் எழுத்து தெளிவா என்று பெரிதாக்கிப் பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.